முதல் முப்பது பக்கம்

நூலகப் பாடவேளையில் அந்தப் பையன் எப்போதும் சுவரோரமாகத்தான் உட்காருவான். ஏழாம் வகுப்பு. கையில் தடிமனான ஒரு நாவல் இருக்கும். தலையைத் தூக்கவே மாட்டான். ஆள் அசையாமல் படிக்கிறானே என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. மூன்றாவது வாரம் ஏதோ உறுத்த, வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோலப் பாவனை செய்துகொண்டு அவனையே கவனித்தேன். சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான். முழுப்பக்கப் படத்துக்கும் இரண்டு நிமிடம். அத்தியாயம் முடிந்து நாலே வரி மிச்சமிருந்த பக்கத்துக்கும் அதே இரண்டு நிமிடம்.

கோபம் வரவில்லை, மலைப்பாகத்தான் இருந்தது. நாற்பது நிமிடம் படிக்காமல், படிப்பதுபோலவே உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட வேலையா? அதை ஒருவன் வாரா வாரம் செய்கிறான் என்றால், படிப்பது அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனையாக இருக்க வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறவள் நான். இந்த வயதுப் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதற்கும் தோளைக் குலுக்குவார்கள், எல்லாமே 'போர்' என்பார்கள், ஆனால் கதை என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் முகத்தை மறைக்கத் தெரியாது. இதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் படக்கதைப் புத்தகத்துக்காகச் சண்டை போட்டவர்கள். இடையில் என்னதான் நடக்கிறது?

கல்வியாளர் ஜீன் சால் 1983-ல் வாசிப்பு வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நான்காம் வகுப்பை ஒட்டி விஷயம் தலைகீழாகி, கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. வாக்கியங்கள் நீளும். பேச்சில் வராத சொற்கள் வரும். பக்கத்துக்குப் பக்கம் இருந்த படங்கள் காணாமல் போகும். அங்கே சிலர் தடுக்கி விழுகிறார்கள். விழுந்தவர்கள் குறைவாகப் படிக்கிறார்கள், குறைவாகப் படிப்பதால் சொல்வளம் கூடுவதில்லை, கூடாததால் அடுத்த புத்தகம் இன்னும் கனக்கிறது. நன்றாகப் படிக்கிறவர்களுக்கோ ஒவ்வொரு புத்தகமும் அடுத்ததை எளிதாக்கிக் கொடுத்துவிடுகிறது. உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்கிற விவிலிய வசனத்தை வைத்து, கீத் ஸ்டனோவிச் 1986-ல் இதை 'மத்தேயு விளைவு' என்று எழுதினார். ஏழாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியும்: முன்வரிசையில் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு நாவல் முடிக்கிறாள், சுவரோரத்தில் ஒருவன் கடிகாரம் பார்க்கிறான்.

முதலில் நான் செய்த அபத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டினேன். ஆளுக்கு ஒரு வரிசை, முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தங்க நட்சத்திரம், மாதக் கடைசியில் பரிசு. முதல் வாரம் நூலகம் அமளிதுமளிப்பட்டது. இரண்டாவது வாரம் ஒரு பெண் வந்து, கண்ணில் அத்தனை ஆர்வத்தோடு, "இருக்கறதிலேயே சின்னப் புத்தகம் எது மிஸ்?" என்று கேட்டாள். அந்த மாதம் அவளுக்குப் பதினோரு நட்சத்திரம். அட்டையை இறக்கிய அடுத்த மாதம் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை.

இதை வெகு காலத்துக்கு முன்பே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பிச் செய்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத வேளையில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. பரிசுக்காகச் செய்கிற காரியம் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், பரிசு போனதும் காரியமும் போய்விடுகிறது. என் நட்சத்திர அட்டை படிப்பைக் கூலி வேலையாக்கிவிட்டது. அதற்கு நான் தங்கக் காகிதம் வேறு ஒட்டியிருந்தேன்.

சரி, கடிகாரப் பையனிடம் வருவோம். எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்க மனம் வரவில்லை. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, அவன் கையிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான். ஓரிரண்டு நீண்ட சொற்களில் தடுமாறினாலும், மோசமில்லை. இதைப் பார்ப்பது முக்கியம். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-ல் சொன்ன ஒரு கணக்கு உண்டு: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எழுத்துக் கூட்டுவதிலேயே திணறுகிற பிள்ளைக்கு எவ்வளவு சுவையான நாவலைக் கொடுத்தும் பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேறு பயிற்சி, சில சமயம் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாட்டுக்கான சிறப்பு உதவி. அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிப் பல வருடங்களை வீணடிக்கிறோம்.

இவன் அப்படியில்லை. "நல்லாத்தானே படிக்கிற, அப்புறம் ஏன்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் செருப்பு நுனியைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "எழுத்தெல்லாம் தெரியுது மிஸ். படம்தான் ஓட மாட்டேங்குது" என்றான்.

வாசிப்பைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு இதைச் சொன்னதில்லை. நாவல் படித்துப் பழகிய நமக்கு முதல் வரி முடிவதற்குள் உள்ளே திரை விரிந்துவிடுகிறது. 'மழை விட்டிருந்தது' என்று படித்தால் ஈரத் தரை தானாக வந்துவிடுகிறது. அவனுக்கு அது வெறும் தகவல். யாரோ ஒருவர் பெயர், அவருடைய மாமா பெயர், ஒரு வீடு, ஜன்னல், மழை. எதை நினைவில் வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறான். எந்த நாவலானாலும் முதல் முப்பது பக்கம் வாசகரிடம் கடன் கேட்கிறது: இப்போதைக்கு இந்த ஆட்களை, இந்த இடத்தை வைத்துக்கொள், பின்னால் வட்டியோடு தருகிறேன் என்று. நாம் நம்பிக் கொடுக்கிறோம், ஏனென்றால் முன்பு பலமுறை வட்டி வந்திருக்கிறது. கொடுத்தது ஒருமுறைகூடத் திரும்பி வராதவன் எதை நம்பிக் கொடுப்பான்?

அதனால் அந்தக் கடனை அவன் சார்பில் நானே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதாவது, முதல் முப்பது பக்கத்தை நான் வாய்விட்டுப் படித்துவிடுவது.

ஏழாம் வகுப்புக்குக் கதை படித்துக் காட்டுவதா, அவர்கள் என்ன குழந்தைகளா என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். பிள்ளைகளும் முதல் நாள் கொஞ்சம் நெளிந்தார்கள். இரண்டாம் நாள் கடைசி வரிசையில் ஒருவன் மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறான் என்று நினைத்தேன். கதையில் நாய் குரைத்தபோது திடுக்கிட்டு எழுந்தான். அவனுக்குப் படம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்த மொழியிலும் எழுத்துநடை பேச்சிலிருந்து விலகித்தான் இருக்கும், நம் மொழியில் அந்தத் தூரம் கொஞ்சம் அதிகம். 'வந்துகொண்டிருந்தான்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. கண்ணால் பார்க்கும்போது பாடப்புத்தக வாசனை அடிக்கிற அதே வாக்கியம், ஒரு குரலில் ஏற்ற இறக்கத்தோடு காதில் விழும்போது மனிதர் பேசுவதாகிவிடுகிறது. இருபது முப்பது பக்கம் கேட்டபிறகு, தானே படிக்கும்போதும் உள்ளே அந்தக் குரல் ஓடும். என் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஜலதோஷம் பிடித்திருந்த வாரம் வில்லனுக்கு மட்டும் பொருத்தமாக இருந்தது என்று பிள்ளைகளே சான்றிதழ் கொடுத்தார்கள்.

படித்துக் காட்டுவதில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வித்தை, எங்கே நிறுத்துவது என்பது. அதைத் தொடர்கதைக்காரர்களிடம்தான் கற்க வேண்டும். 1836-ல் டிக்கன்ஸ் மாதா மாதம் பகுதி பகுதியாக நாவல் வெளியிடத் தொடங்கினார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் வாரா வாரம் வந்தது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரை விழித்திருக்க வைப்பது அவர்களுக்குப் பிழைப்பு. நான் ஆரம்பத்தில் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒழுங்காக நிறுத்திக்கொண்டிருந்தேன். அது தவறு. அத்தியாயம் முடிந்தால் மனசும் ஆறிவிடுகிறது. கதவு தட்டப்படுகிறது, உள்ளே இருப்பவள் விளக்கை அணைக்கிறாள், அந்த இடத்தில் புத்தகத்தை மூடி "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். வகுப்பே "மிஸ்ஸ்ஸ்" என்று இழுக்கும். அந்த இழுவைதான் எனக்கு வேண்டும். முப்பது, முப்பத்தைந்து பக்கம் வந்ததும் ஒருநாள் மேற்கொண்டு படிக்க மறுத்துவிடுவேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் நான்கு பிரதிகள் மட்டும் இருக்கும். நாற்பது பிரதி வாங்க முடியவில்லையே என்று ஒரு காலத்தில் வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது நாற்பது கொடுத்தாலும் வாங்கமாட்டேன். நாலு பேர் கையில் இருக்கிற புத்தகத்துக்குத்தான் மற்ற முப்பத்தாறு பேரும் ஏங்குவார்கள்.

ஆனால் கடிகாரப் பையன் அதிலும் அசையவில்லை. கேட்கும்போது நன்றாகக் கேட்டான், புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை. அவனுக்குச் சாவி வேறொரு இடத்தில் இருந்தது.

1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைச் சிறு பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும், சொல்லிக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சினார்கள். 'சுமாராகப் படிக்கிறவன்' என்று நாம் ஒட்டுகிற சீட்டு எதைப் படிக்கக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது என்று இதைப் படித்த அன்று எனக்கு உறைத்தது. தெரிந்த உலகத்தில் படத்தை முதலிலிருந்து வரைய வேண்டியதில்லை, பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இந்தப் பையனுக்குக் கால்பந்து. மைதானத்தில் கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் வேறு ஆளில்லாமல் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தப்பட்ட ஒரு பையனைப் பற்றிய மெல்லிய நாவல் ஒன்று நூலகத்தில் தூசி படிந்து கிடந்தது. இலக்கியத் தரம் என்று பார்த்தால் நான் சிபாரிசு செய்யக் கூசுகிற புத்தகம். அதை அவனிடம் கொடுத்து, "இதுல ஆட்டம் வர்ற இடமெல்லாம் சரியா இருக்கான்னு எனக்குத் தெரியல. பார்த்துச் சொல்றியா?" என்றேன். படி என்று சொல்லவில்லை.

மறுவாரம் வந்தான். புத்தகத்துக்குள் விரலைச் செருகி வைத்திருந்தான். "மிஸ், இது தப்பு. பெனால்டி அடிக்கறதுக்கு முன்னாடியே இவன் முன்னால ஓடி வந்துடறான். பந்தை உதைக்கற நேரத்துல கோல்கீப்பரோட ஒரு காலாவது கோட்டுல இருக்கணும். இவன் தடுத்தது செல்லாது, திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கணும்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எழுதுனவருக்கு ஆட்டமே தெரியல மிஸ்." அவன் விரல் செருகியிருந்தது 71-ம் பக்கத்தில். முப்பதைத் தாண்டி நாற்பத்தொரு பக்கம், என் உதவியில்லாமல்.

நாவலாசிரியர் செய்த பிழைக்கு மனதார நன்றி சொன்னேன். தப்புக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் படத்தை ஓட விட்டுத்தானே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில் வாய் வரை வந்த கேள்வியை விழுங்கியதுதான் நான் செய்த பெரிய காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' ஆசிரியர் ரத்தத்தில் ஊறிய கேள்வி. நாவலை வெறுக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் நாவலை வெறுக்கவில்லை. நாவலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்தக் கேள்வியை, கதைச்சுருக்கத்தை, பாத்திரப்படைப்பை விளக்குக என்பதை வெறுக்கிறார்கள். சினிமா முடிந்து வெளியே வருகிறவரை வாசலில் நிறுத்தி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதச் சொன்னால், அடுத்த வாரம் யார் படம் பார்க்க வருவார்கள்?

தானியேல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். முதல் உரிமையே படிக்காமலிருக்கும் உரிமை. பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் விட்டுவிடும் உரிமை, மறுபடி படிக்கும் உரிமை என்று போகும் அந்தப் பட்டியல். வாசிப்பு ஏவல் வினைக்குக் கட்டுப்படாது என்பது அவர் கட்சி. நம் இலக்கண ஆசிரியர்கள் 'படி' என்ற சொல்லைத்தான் ஏவலுக்கு முதல் எடுத்துக்காட்டாகத் தருவார்கள் என்பது வேறு கதை.

உரிமைகளைக் கொடுத்துப் பார்த்தபோது விசித்திரமான வாசகர்கள் வெளிப்பட்டார்கள். ஒருத்தி கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பாள். யார் பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் நிம்மதியாக முதலிலிருந்து படிக்க முடியுமாம். இன்னொருத்தி ஒரே நாவலை ஒரே வருடத்தில் நாலு முறை எடுத்தாள். ஐந்தாம் முறை வந்தபோது வேறு புத்தகம் பாரேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் மட்டும் பிடித்த பாட்டை ஒருமுறைதான் கேட்கிறேனா? ஒருவன் வர்ணனைகளை அப்படியே தாண்டிவிட்டு உரையாடல்களை மட்டும் படித்தான். ஒரு மாதம் கழித்து, ஓரிடத்தில் சண்டை எதனால் வந்தது என்று புரியாமல், தானே நாலு பக்கம் பின்னோக்கிப் போய்த் தாண்டியதைப் படித்தான். நான் சொல்லியிருந்தால் படித்திருப்பானா? மாட்டான்.

முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் நூலகச் சட்டம். ஆனால் காரணம் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் கொடுத்ததில்லை. "இதுல வர்ற அப்பா ரொம்ப நல்லவரா இருக்காரு மிஸ், நம்பவே முடியல" என்றது ஒரு குரல். அதைவிட நல்ல விமரிசனத்தைப் பெரியவர்களிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

படக்கதை நாவலா என்று கேட்பவர்களுக்கு: ஆம். ஒலிப்புத்தகம் கேட்பது படிப்பதாகுமா என்றால், முதல் முப்பது பக்கத்துக்குக் கண்டிப்பாக ஆகும், என் தொண்டைக்கும் ஓய்வு. கைபேசியைத் திட்டி இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதுவது வழக்கம். எனக்கு அதில் ஆர்வமில்லை. கைபேசி வருவதற்கு முன்பும் கடிகாரம் பார்த்துப் பக்கம் புரட்டியவர்கள் இருந்தார்கள், என் கணவரைப்போல.

எல்லாம் பலித்துவிட்டதாகக் கதை அளக்கவும் மாட்டேன். அமைதியாக உட்கார்ந்து படிக்க விடுவது மட்டுமே போதும் என்று நம்பிய காலம் எனக்கும் இருந்தது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் வெளியிட்ட அறிக்கை, அப்படிச் சும்மா படிக்க விடுவதால் மட்டும் வாசிப்புத் திறன் கூடுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை, சுவரோரம் நான் பார்த்த பக்கம் புரட்டல் நினைவுக்கு வந்தது. போன வருட வகுப்பில் மூன்று பேர் கடைசி வரை நாவல் பக்கம் வரவேயில்லை. ஒருவன் மோட்டார் எஞ்சின் எப்படி இயங்குகிறது என்ற புத்தகத்தைத் தவிர எதையும் தொடவில்லை. அதை ஆழ்ந்து படித்தான், ஓரங்களில் பென்சிலால் படம் போட்டான். அவனிடமிருந்து அதைப் பிடுங்கி நாவலைத் திணிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மற்ற இருவர் விஷயத்தில் நான் இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கால்பந்து நாவல் நூலகத்துக்குத் திரும்பவேயில்லை. ஆண்டுக் கணக்கெடுப்பில் அதற்கு நேரே 'காணவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். விசாரித்ததில் அவனிடமிருந்து இன்னொரு கோல்கீப்பருக்கும், அவனிடமிருந்து அணியின் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுக்கும், அங்கிருந்து யாருடைய அக்காவுக்கோ போயிருக்கிறது. பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒருநாள் மாடிப்படியில் அவனைப் பிடித்து, புத்தகம் எங்கேடா என்றேன்.

"அந்த அக்கா இன்னும் முடிக்கல மிஸ்" என்றான். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினான். "அந்த பெனால்டி பக்கத்துல மட்டும் பென்சில்ல திருத்தி எழுதியிருக்கேன். திட்டாதீங்க."